முதல் முகத்தின் பச்சை

குட்சோங்,
செவ்வாய்க்கிழமை.

தம்பி மொலெஃபிக்கு, அக்கா புலானே எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. இங்கே நலமாக யாரும் இல்லை. நீ அங்கே நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டால் எனக்கு வயிறு எரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அத்தானைச் சனிக்கிழமை அடக்கம் செய்தோம். பெட்டியை யாருக்கும் திறந்து காட்டவில்லை. சவக்கிடங்கில் நான்தான் அடையாளம் சொன்னேன். முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவருடைய இடது பூட்ஸில் நாடா அறுந்துபோய் நான் சிவப்புக் கயிறு கோத்துக் கொடுத்தேனே, அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் இது என் புருஷன் கோபானோதான் என்று கையெழுத்துப் போட்டேன். பக்கத்து மேசையில் மேஸ்திரி வுயிசீலேயின் தம்பி கிடந்தான். மூன்றாவது ஆள் மொசாம்பிக்கிலிருந்து வந்த அர்மாந்து. அவனுக்கு அடையாளம் சொல்ல ஒருவரும் வரவில்லை, அதையும் நானே சொன்னேன்.

சுரங்கத்தில் பாறை வெடித்தபோது நான் மேலே ஆபீசில் இருந்தேன். தரை காலுக்கடியில் ஒரு உதை உதைத்தது. சோதனைக்காகத் துளைத்து எடுத்துத் தட்டுகளில் அடுக்கியிருந்த உருளைக் கற்கள் எல்லாம் துள்ளி விழுந்து உருண்டன. கீழே நடந்ததை வுயிசீலே பிறகு சொன்னான். "பாறை விழலக்கா. விழுந்தா ஓடித் தப்பிக்கலாம். சுவரே வெடிச்சுப் பாஞ்சுது. நான் தம்பி கையப் புடிச்சு இழுத்தேன். கை மட்டும் என்கூட வந்துச்சு." இதைச் சொல்லும்போது அவன் அழவில்லை. அவன் கண்ணைப் பார்த்தபோது உன் உயிருக்கு இனி உத்தரவாதம் இல்லை என்று புரிந்தது.

அவன் கோபத்தில் தப்பும் இல்லை. பதினேழாம் வெட்டுமுகத்தில் இறங்கலாம் என்று சொன்னது யார்? ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டின் வாசலில் தினமும் காலையில் ஒட்டுகிற கம்ப்யூட்டர் கணக்குத் தாள் சொன்னது. பச்சைக் கட்டம் என்றால் பாறை தாங்கும், சிவப்பு என்றால் தாங்காது. பதினேழு பச்சை. கீழே உன் கையெழுத்து. எழுத்துத் தெரியாதவனுக்கும் பச்சை தெரியும் தம்பி. உன் அத்தான் அதைப் பார்த்து, "மச்சான் கையெழுத்து இருக்கு, எனக்கென்ன பயம்" என்று மற்றவர்களிடம் பீற்றிக்கொண்டுதான் கூண்டில் ஏறினார்.

அன்று சாயங்காலமே உன்னைத் தேடி வந்துவிட்டார்கள். உன் அறைக்குப் பெட்ரோல் ஊற்றினார்கள். கட்டில், குளிர்பெட்டி, பட்டமளிப்புப் படம், உன் போன், எல்லாம் போயிற்று. நீ பின்சுவர் ஏறிக் குதித்தது நல்ல நேரம். பக்கத்து அறைக்காரன் உன் நீலச் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். நீ என்று நினைத்து அவனைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். ஒரு காது கிழிந்து தொங்கியது. "நான் அவன் இல்லப்பா, சட்டைதான் அவனது" என்று கத்திக்கொண்டே அடி வாங்கினானாம்.

பிறகு என் வீட்டுக்கு வந்தார்கள். வழக்கப்படி நான் தரையில் மெத்தை போட்டுத் தலையை மூடி உட்கார்ந்திருந்தேன். வுயிசீலே கையில் குண்டாந்தடி. வாசலிலேயே நின்றுவிட்டான். செத்த புருஷனுக்குத் துக்கம் காக்கும் பெண்டாட்டியின் நிழல் பட்டால் பீடை என்று பயம். அதைச் செஃபிஃபி என்று நம் அம்மா சொல்வாளே, அதே பயம்தான் அவனுடைய ஷோசா இனத்து ஆட்களுக்கும். "எந்திரிக்காதக்கா. உன் தம்பி எங்க?" என்றான். தெரியாது என்றேன். நான் உட்கார்ந்திருந்த மெத்தையைச் சுற்றி எல்லாவற்றையும் உடைத்தான். ஜன்னல், அலமாரி, ரேடியோ, தட்டுகள். மெத்தையை மட்டும் தொடவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் நானே வழி காட்டியிருப்பேன். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

மேனேஜர் ஸ்டீன்காம்ப் சார் கூட்டம் போட்டுப் பேசினார். கணக்கு சரியாம், பூமிதான் தப்பு செய்ததாம். வரும் திங்கட்கிழமை முதல் இருபத்திரண்டாம் முகத்தில் வேலையாம். அதுவும் பச்சை, அதற்கும் நீ போன வாரமே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாய். இறங்காதவனுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். இறங்கப் போவது வுயிசீலேயின் ஆட்கள். எனக்கு அந்த இருபத்திரண்டு பிடிக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் நிரலை நான் ஓட்டிய காலத்தில் அது எப்போதும் சிவப்பு.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. பொய் சொன்னது மெஷினா, நீயா?

நீ அங்கேதான் போயிருப்பாய் என்று நினைத்து, மொகோத்லோங் மலைக்கு வேன் ஓட்டும் மொகேதி அண்ணனிடம் இதைக் கொடுக்கிறேன். "உன் தம்பி எங்க இருக்கான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? சரி, குடு, போய்ச் சேர்ந்துடும்" என்றார். கூடவே உன் அத்தானின் கம்பளிப் போர்வையையும் அனுப்புகிறேன், சோளக்கதிர் போட்ட அந்தப் பழுப்புப் போர்வை. மலையில் இப்போது பனி விழும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அக்கா,
புலானே.


குட்சோங்,
வியாழக்கிழமை.

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இரண்டு வரி. "ஒவ்வொரு முகத்தையும் பழைய நிரலோடு ஒத்துப் பார்த்தேன் அக்கா. எல்லாம் சரியாக இருந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று தெரியவில்லை." பட்டம் வாங்கியவன் எழுதுகிற பதிலா இது என்று முதலில் கிழித்துப் போட்டேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கி மறுபடி படித்தேன். 'ஒவ்வொரு முகத்தையும்' என்ற வார்த்தை என்னை விடவில்லை.

இன்று காலையில் துக்கத்துக்கான கருப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, மழித்த தலையோடு, நேராக ஆபீசுக்குப் போனேன். துக்கம் முடியாமல் இப்படி வெளியே வரலாமா என்று தெருவெல்லாம் வாயில் கை வைத்தது. கேட்டில் காவல்காரன் அட்டையைக்கூடக் கேட்கவில்லை, சுவரோடு ஒட்டிக்கொண்டான். நான் உன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அறையில் இருந்த எல்லாருக்கும் திடீரென்று வெளியே வேலை வந்துவிட்டது.

நீ வருவதற்கு முன்னால் நான் எப்படி வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். செத்துப்போன இஞ்சினியர் ஃபோர்ட்ரான் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய நிரல். ஒரு முகத்தின் எண்ணைத் தட்டினால் கருப்புத் திரை திறக்கும், முனகும், விடை துப்பும், மூடிக்கொள்ளும். அடுத்த முகத்துக்கு மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். நாள் முழுக்கத் தட்டி என் விரல் தேயும். நீ வந்து சிரித்தாய். அவர் கையால் எழுதிய மூல நிரல் எங்கேயோ குப்பையில் போய்விட்டது, கம்பைல் செய்து மெஷின் மொழிக்கு மாற்றிய கோப்பு மட்டும்தான் மிச்சம், பரவாயில்லை, அதைத் திறக்காமலே வேலை வாங்கலாம் என்றாய். பைத்தான் மொழியில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அதிலிருந்து அந்தக் கோப்பைக் கூப்பிட்டாய். முகங்களை வரிசையாக அதன் வாயில் போட்டாய். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மொத்தச் சுரங்கமும் முடிந்தது. அன்று உன் அத்தான் கறி சுட்டுப் பீர் வாங்கிக் கொண்டாடினார். "இனிமே உங்கக்கா வீட்டுக்குச் சீக்கிரம் வந்து என் உயிர எடுப்பா" என்று உன்னைத் திட்டினார்.

இப்போது நான் செய்ததைக் கேள். பழைய நிரலில் இருபத்திரண்டை மட்டும் தட்டினேன். சிவப்பு. உன் ஸ்கிரிப்டில் இருபத்திரண்டை மட்டும் தனியாகப் போட்டேன். சிவப்பு. உன் ஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிட்டேன். இருபத்திரண்டு பச்சை. பதினேழும் பச்சை. எல்லாமே பச்சை. வரிசையைத் திருப்பி, இருபத்திரண்டை முதலில் வைத்து ஓட்டினேன். ஒன்றாம் முகம் சிவப்பு. யானை ஏறி நின்றாலும் அசையாத பழைய பாறைத் தூண் தாங்கும் அந்த முகமே சிவப்பு. எல்லாமே சிவப்பு.

முதலில் எது போகிறதோ அதன் நிறம்தான் கடைசிவரைக்கும் தம்பி. அந்தக் கோப்பு முதல் தடவை கூப்பிடும்போது மட்டும் பாறையின் பலத்தைப் படித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை கூப்பிட்டால், ஏற்கெனவே படித்தாயிற்று என்று அதையே வைத்துக் கணக்குப் போடுகிறது. கழுவாத சட்டியில் அடுத்த குழம்பை வைப்பது போல. பழைய முறையில் ஒவ்வொரு முகத்துக்கும் பிறகு நிரல் செத்துப்போனது, அதனால் உள்ளே ஒன்றும் தங்கவில்லை. நீ அதைச் சாகவிடாமல் உயிரோடு வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி கூப்பிட்டாய். சோதித்துப் பார்க்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகத் தனித்தனியே சோதித்தாய். தனித்தனியே பார்த்தால் அது எப்போதும் உண்மைதான் சொல்லும். ஆழமும் அகலமும் நீ கொடுத்தபடி மாறின, அதனால் எண்களும் கொஞ்சம் கொஞ்சம் மாறின, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பச்சை கூடக் கூட ஸ்டீன்காம்புக்கு மேலிடத்தில் பாராட்டு வந்தது. அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

ஆகவே நீ பொய் சொல்லவில்லை. மெஷினும் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்போது யாரை அடிப்பது என்றே தெரியவில்லை. உன் மேசையைக் குத்தினேன்.

ஸ்டீன்காம்பைக் கூப்பிட்டு இரண்டு வரிசையையும் அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்டினேன். மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. அவர் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் வாய் வேறு பேசியது. "வரிசைய மாத்தினா நிறம் மாறுதுன்னா, மாத்தினவ கைதான் சரியில்ல. புருஷன் போன துக்கத்துல உனக்குப் புத்தி பேதலிச்சிருக்கு. போய் ரெஸ்ட் எடு" என்றார். இருபத்திரண்டில் ஆட்கள் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தாள்ல உன் தம்பி கையெழுத்துதானே இருக்கு, என்னுது இல்லையே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் தம்பி.

தட்டில் ஒரு உருளைக் கல் இருந்தது. பதினேழாம் முகத்தில் துளை போட்டு எடுத்தது, முழங்கை நீளம். அதை எடுத்து அவர் தாடையில் அடித்தேன். பல் தெறித்து உன் கீபோர்டில் விழுந்தது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கினேன். அப்போது அவர் மேசைக்கடியில் சுருண்டு, "அம்மா" என்றார், அவர் மொழியில். கல்லைக் கீழே போட்டுவிட்டேன். எனக்கு வருத்தம் இல்லை. இன்னொன்று அடித்திருந்தால் வருத்தம் வந்திருக்கும்.

காவல்காரர்கள் ஓடி வந்தார்கள். முடி இருந்திருந்தால் பிடித்து இழுத்திருப்பார்கள், மழித்தது நல்லதாகப் போயிற்று. கழுத்தைப் பிடித்துத் தரையில் அழுத்தி ஒருவன் என் வலது கையைப் பூட்ஸால் மிதித்தான். இரண்டு விரல் போய்விட்டது. இதை இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். போலீஸ் சார்ஜெண்ட் என்னை ஒரு மணி நேரம்கூட உள்ளே வைக்கவில்லை. "இந்தக் கருப்போட இவள உள்ள வெச்சா என் ஸ்டேஷனே விளங்காது. வீட்டுக்குப் போம்மா, கோர்ட்டுக்கு வந்தா போதும்" என்று கும்பிட்டு அனுப்பினான்.

இனி நீ செய்ய வேண்டியது இதுதான். இந்தச் சுரங்கத்து விதி உனக்கே தெரியும். கையெழுத்துப் போட்டவன் நேரில் வந்து, பாதுகாப்புப் பரிசோதகர் முன்னால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அந்த முகத்தில் ஒரு ஈ கூட இறங்க முடியாது. வேறு யார் சொன்னாலும் செல்லாது. மேனேஜரை அடித்துவிட்டுப் பேசுகிற பைத்தியக்காரி சொன்னால் நிச்சயமாகச் செல்லாது.

வந்தால் உன்னை அடிப்பார்கள். கொல்லவும் செய்யலாம். பெட்ரோல் வாங்கி வைத்திருக்கிறார்கள், நானே பார்த்தேன். உன்னைப் பொறுத்தவரை அங்கேயே ஆடு மேய்த்துக்கொண்டு இருந்துவிடலாம், ஒருவனும் மலையேறித் தேடமாட்டான். ஆனால் திங்கட்கிழமை இருபத்திரண்டில் இறங்குகிறவர்கள் பச்சையை நம்பித்தான் இறங்குவார்கள். உன்னைத் தேடுகிற வுயிசீலேதான் முதலில் இறங்குவான்.

வா தம்பி.

அக்கா,
புலானே.


சுரங்க வாசல்,
திங்கட்கிழமை மத்தியானம்.

மொலெஃபி,

நீ வரவில்லை. மொகேதி அண்ணனைக் கேட்டேன். "கடுதாசியப் படிச்சான். போர்வையப் போத்திக்கிட்டு மலையப் பாத்து உக்காந்துட்டாம்மா" என்றார். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இதைக் கூண்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். விடிந்ததும் வந்து கூண்டுக்குக் குறுக்கே கருப்புத் துணியை விரித்துப் படுத்துவிட்டேன். முதல் ஷிப்ட் வந்தது. விளக்கு மாட்டிய தொப்பிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. என்னைத் தாண்டிக் கால் வைக்க ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. இந்தப் பீடையை வைத்துக்கொண்டு நான் செய்த முதல் உருப்படியான வேலை இது.

காவல்காரர்களுக்கு எட்டி நின்று சுட உத்தரவு வந்தது. ரப்பர் குண்டுதான். ஒன்று தொடையில், ஒன்று விலாவில். மூச்சு விட்டால் உள்ளே என்னவோ குத்துகிறது. அதைப் பார்த்ததும் ஆட்கள் கல்லெடுத்தார்கள். அரை நாள் ரத்தமும் புகையுமாகப் போயிற்று. காவல்காரன் ஒருவனைத் தூக்கிக் கம்பிவேலியில் எறிந்துவிட்டார்கள், அவன் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. பாவம், என் கையை மிதித்தவன்தான். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

வுயிசீலே என் அருகே வந்தான். மூன்றடி தள்ளிக் குந்தினான். எல்லாவற்றையும் சொன்னேன், முதல் முகத்தின் நிறத்தை மற்றதெல்லாம் பூசிக்கொண்ட கதையை. "அப்ப என் தம்பி செத்தது, மெஷின் பழச மறக்காததால?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "நானும் மறக்க மாட்டேன். உன் தம்பிய நான் விடமாட்டேன்கா. ஆனா மொதல்ல அவன் வந்து பேசட்டும். பேசி முடிக்கிற வரைக்கும் எவனும் கை வைக்காமப் பாத்துக்கறேன்" என்றான். பேசி முடித்த பிறகு என்று கேட்டேன். எழுந்து ஆட்கள் பக்கம் போனான்.

இன்று ஒருவரும் இறங்கவில்லை. ஆனால் ஸ்டீன்காம்ப் தாடையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்தே ஏற்பாடு செய்திருக்கிறார். புதன்கிழமை வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் கூலி ஆட்கள் வருகிறார்களாம். தூரத்து ஆட்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது, உன்னைத் தெரியாது, பச்சையை மட்டும் தெரியும். பசித்தவன் எந்தக் கருப்புத் துணியையும் தாண்டுவான். அவர்களிலும் யாருக்காவது ஒரு பெண்டாட்டி பூட்ஸுக்குக் கயிறு கோத்துக் கொடுத்திருப்பாள்.

மொகேதி அண்ணனின் வேன் நாளை சாயங்காலம் மலையிலிருந்து கிளம்பும். முன் இருக்கையை உனக்காக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அத்தானின் போர்வையைப் போர்த்திக்கொண்டு வா. தலையை மூடாதே, முகம் தெரியட்டும். அந்தப் போர்வையை இங்கே எல்லாருக்கும் தெரியும், வுயிசீலேக்கும் தெரியும், குளிர் நாளில் அதை அவனுக்கும் பாதி போர்த்தியவர்தான் உன் அத்தான். கேட்டிலிருந்து பரிசோதகர் அறை வரைக்கும் நான் உனக்கு முன்னால் நடப்பேன். என் நிழலைத் தாண்டி உன்மேல் கல் எறிய எவனாலும் முடியாது. கால் ஒத்துழைக்காவிட்டால் தவழ்ந்தாவது நடப்பேன்.

கையெழுத்தை எடுத்த பிறகு அந்த ஸ்கிரிப்டைத் திருத்து. ஒவ்வொரு முகத்துக்கும் அந்தக் கோப்பைத் தனியாக எழுப்பி, முடிந்ததும் கொன்றுவிடு. வேகம் குறையும், குறையட்டும். நான் டீயை மெதுவாகக் குடித்துக்கொள்கிறேன்.

நம் அம்மா உன்னை எனக்கு விட்டுவிட்டுப் போனாள், உன் அத்தான் என்னை உனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மலையின் கடவுள் உன் வழியில் பனியை விலக்கட்டும். உயிரோடு வந்து சேர். உன்னை நான் இன்னும் ஒரு அடிகூட அடிக்கவில்லை.

உன் அக்கா,
புலானே.